கோட்டைமொழியும் குடில்மொழியும்

தமிழ்வழிக் கல்வி கேட்போரை மடக்குதற்கு ஆங்கிலவழியார் புதியதொரு படைக்கலத்தைக் கையில் எடுத்துள்ளனர். “பூட்டானைப் பாருங்கள், சிம்பாபுவேயைப் பாருங்கள். தமக்கென மொழி இருந்தும் அவர்கள் ஆங்கிலத்தில்தானே படிக்கின்றார்கள்? உங்களுக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு?” என்கின்றனர். நன்று; பார்ப்போம். ஆனால் அவர்களைப்போல் அரைக்கண்ணால் பாராமல், முழுக்கண்ணாலும் பார்ப்போம்.

பூட்டானின் நாட்டுமொழி திசொங்கா. ‘திசொங்’ என்பது கோட்டை. ‘கா’ என்பது மொழி. கோட்டைக்குள் இருந்து ஆண்டோரின் மொழி என்பதே அப்பெயரின் பொருள். திபெத்திய இனத்தைச் சார்ந்த அம்மொழி 1971-இல் நாட்டுமொழி ஆயிற்று. 1986-இல் அதனை வளர்க்க ஆணையம் எழுந்தது. 2008-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டமும் அதற்கு இடம் தந்தது. அரியணை கிடைத்தது, ஆணையும் கிடைத்தது, பள்ளிக்கூடம் மட்டும் கிடைக்கவில்லை. 1960-களிலேயே அங்கு ஆங்கிலம் பயிற்றுமொழியாகிவிட்டது. திசொங்கா ஒரு பாடமாக நிற்க, கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தின் கைக்குப் போயின.

சோனாவின் வரலாறு வேறு. பெருஞ்சிம்பாபுவே என்னும் கற்கோட்டையை எழுப்பிய மாந்தரின் வழியினர் பேசும் மொழி அது. ‘கருப்பர்க்கு இக்கோட்டை கட்டும் அறிவேது?’ என்று வெள்ளையர் வாய்கூசாது சொன்ன காலமும் இருந்தது. தமிழர் பழமையை மறுப்போரை அறிந்த நமக்கு இக்குரல் புதிதன்று. நாட்டில் பெரும்பாலோர் பேசியும், அயலார் ஆட்சியில் அது குடில்மொழியாக ஒடுங்கிற்று. அதன் கிளைமொழிகளை ஒன்றாக்க வழி காணுமாறு 1929-இல் தோக்கு என்னும் மொழியறிஞரை ஆட்சியாளர் அமர்த்தினர். 1931-இல் அவர் அறிக்கை வந்தது. இலக்கணத்துக்குச் செசுருவும் கரங்காவும் அடிப்படையாயின. சோனாவின் தனியொலிகட்கென அவர் வகுத்த சிறப்பெழுத்துகளை 1955-இல் கைவிட்டனர். 1980-இல் நாடு விடுதலை பெற்றது. 2013-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் சோனாவையும் உள்ளிட்ட 16 மொழிகளை ஏற்றுக்கொண்டது. ஆயினும் உயர்கல்வியிலும் முறைமன்றத்திலும் ஓங்கி நிற்பது ஆங்கிலமே.

இவ்விரு மொழிகட்கும் உறவேதும் உண்டோ? இல்லை. இரண்டு, மூன்று என்பவற்றைத் திசொங்கா ‘ஞி’, ‘சும்’ என்னும். சோனா ‘பிரி’, ‘தத்து’ என்னும். இரண்டிலும் ஒலியின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். அது ஒன்றுகொண்டு உறவு கூறுவார் மொழிநூல் அறியார். சோனாவில் பன்மை சொல்லின் முன்னே வரும்: சிறுவன் ‘முகோமனா’, சிறுவர் ‘வகோமனா’. தமிழிலோ பின்னே வரும். திசொங்காவில் வினை இறுதியில் நிற்கும், தமிழைப்போல. அதனால் அது தமிழுக்கு உறவாகிவிடாது. ‘இரண்டு, மூன்று’ எனத் தமிழன் சொல்ல, ‘எரடு, மூரு’ எனக் கன்னடன் சொல்கின்றானே, அது உறவு.

இங்கேதான் ஆங்கிலவழியாரின் படைக்கலம் முறிகின்றது. ஒன்று இமயத்து மொழி. மற்றொன்று ஆப்பிரிக்க மொழி. ஒன்று ஆள்வோர் மொழி. மற்றொன்று ஆளப்பட்டோர் மொழி. இனம் வேறு, எழுத்து வேறு, இலக்கணம் வேறு. இத்துணை வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே நிலை நேர்ந்ததெனின், குற்றம் மொழியின் இயல்பில் இல்லை. பள்ளியைப் பற்றியிருக்கும் கையில் உள்ளது.

தமிழுக்குத் திறமில்லை என்பீரோ? ஈழத்து மானிப்பாயில் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அயலானுக்குத் தெரிந்த தமிழின் ஆற்றல் நம்மவர்க்குத் தெரியவில்லை. கோவை அரசு கலைக்கல்லூரியில் 1960-இல் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் பொறியியலும் தமிழில் வந்தது. 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிய நாட்டில், 2012 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்து வைத்தோம். கோட்டையில் தமிழை அமர்த்திவிட்டுப் பள்ளியில் ஆங்கிலத்தை அமர்த்துவது பூட்டான் வழியன்றி வேறென்ன?

தகடூரை அடுத்த வத்தல்மலையை எண்ணிப் பாருங்கள். அதியமான் ஆண்ட நாட்டு மலை அது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பெயர் கண்டு சேரநாட்டார் என மயங்குவார் உளர். மலையை ஆள்வோர் ஆதலின் மலையாளிகள். அவர் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. சாமையும் கேழ்வரகும் விளைத்து, இன்று குளம்பியும் மிளகும் விளைக்கும் அம்மக்களின் வாயில் விதைப்புக்கும் அறுப்புக்கும், காட்டுக்கும் கொல்லைக்கும், காற்றுக்கும் மழைக்கும் உரிய தமிழ்ச்சொற்கள் உலவுகின்றன. அம்மலைக் குழந்தைக்கு முதல் வகுப்பிலேயே ஆங்கிலவழியைத் திணித்தால் நேர்வது என்ன? பொருள் அறியாது ஒப்பிக்கும். தாய் சொன்ன சொல்லை இழிந்ததென எண்ணும். பள்ளியை விட்டு நிற்கும். நகரத்துச் செல்வன் தனிப்பயிற்சி வைத்துத் தப்புவான். மலைமகனுக்கு யார் துணை?

நம் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். மலைத்தமிழைக் ‘கொச்சை’ என்று நகையாடும் ஆசிரியரும் நம்மிடை உளர். எழுத்துத் தமிழைக் கற்பிப்பது கடமை. பிறந்த தமிழைப் பழிப்பது கொடுமை. கோட்டைமொழி குடில்மொழியை நசுக்கலாகாது. பூட்டான் அரசு 1989-இல் நேபாளியைப் பள்ளியினின்று நீக்கிற்று. 1938-இலும் 1965-இலும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற நாம் அவ்வழி செல்லோம். தகடூர் எல்லையில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குழந்தைக்கும் தன் தாய்மொழி உரியதே. நாம் கேட்பது உரிமை, வல்லாண்மை அன்று.

தமிழ் உடன்பிறப்பீர்! உங்கள் பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்ப்பதே முதற்போர். தமிழ்வழியில் கற்றார்க்கு வேலையில் முன்னுரிமை தருக என்று ஆள்வோரைக் கேட்பது இரண்டாம் போர். மலைக்கும் சிற்றூர்க்கும் சென்று முதியோர் வாய்ச்சொற்களைத் தொகுப்பது மூன்றாம் போர். கோட்டையும் நமதே, குடிலும் நமதே. இடையில் நிற்கும் பள்ளிக்கூடத்தையும் நமதாக்குவோம்!