கிரீஸ் பட்டால் கௌரவம் போகாது

ஆயுத பூஜையன்று கோவில்பட்டித் தெருக்களில் ஒரு நடை நடந்து பார்த்தால், வாகனங்களின் மேல் நமக்குள்ள பக்தி விளங்கும். முன்னால் வாழைக்கன்றும் மாலையும்; நெற்றியில் சந்தனம், குங்குமம்; திருஷ்டி கழிய ஒரு பூசணிக்காய்; நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்ததும் சொந்தக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி பிறக்கிறது. இனி ஒரு வருஷத்துக்கு ஆபத்தில்லை! பூஜையில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த மனிதர், குனிந்ததுதான் குனிந்தார், சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்பதுதான் என் கட்சி.

பின்னால் என்ன இருக்கிறது? பால் ஜாயின்ட் இருக்கிறது. நம் இடுப்பில் தொடையெலும்பு பொருந்தியிருக்கிற அதே ஏற்பாடுதான். கிண்ணத்துக்குள் ஓர் எஃகு உருண்டை, சுற்றிலும் கிரீஸ், அதைக் காக்க ஒரு ரப்பர் உறை. பழைய வில்லிஸ் ஜாதி ஜீப்பில் இந்த உருண்டை ஸ்டியரிங் கம்பிகளின் முனையில்தான் உண்டு. சக்கரம் திரும்புவது கிங் பின்னை நம்பி. 1998-இல் வந்த டாடா சஃபாரி, 2002-இல் வந்த மகிந்திரா ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளிலோ முன் சக்கரங்கள் தனித்தனியே எழுந்து தாழ்கின்றன. அங்கே சக்கரத்தின் பிழைப்பே மேலும் கீழும் உள்ள உருண்டைகளை நம்பித்தான். கீழ் உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தரானாலும், அப்புறம் வண்டி அவர் பேச்சைக் கேட்காது.

அதிலும் நம்முடையது கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துப் புழுதியாகப் பறக்கும். ஐப்பசி மழை விழுந்தால் களியாக உப்பிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும். புழுதி உள்ளே போய் கிரீஸோடு குழைந்து, சாணைக்கல்லை அரைத்துப் பூசியது மாதிரி உருண்டையைத் தின்ன ஆரம்பிக்கும். தண்ணீர் புகுந்தால் துருவும் கூடச் சேரும். இத்தனைக்கும் வண்டி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக் டொக்’ என்கிறது. நேர் ரோட்டில் ஒரு பக்கமாக இழுக்கிறது. டயரின் ஓரத்தை மட்டும் தேய்த்துக் காட்டுகிறது. நாம் என்ன செய்கிறோம்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம்.

என்னிடம் உள்ள நாலு சக்கர இழுவைப் பழைய வண்டிக்கு நானே வீட்டு முற்றத்தில் பால் ஜாயின்ட் மாற்றியபோது, கல்லூரி ஆசிரியரான நண்பர் ஒருவர் வந்து நின்றார். “என்ன சார் இது? எழுதுகிற கை! இதுக்கெல்லாம் ஆள் இல்லையா?” என்று மனம் நொந்து கேட்டார். அவர் நல்லவர், என்மேல் பிரியத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த ‘ஆள்’ என்கிற ஒரு வார்த்தையில் நம் சமூகத்தின் பழைய வியாதி அத்தனையும் இருக்கிறது. அழுக்கைத் தொடுகிறவன் கீழே, தொடாதவன் மேலே. படிப்பு இதைப் போக்கும் என்று நினைத்தோம். படிப்போ, தொடாமலிருக்க இன்னொரு காரணமாகிவிட்டது.

இதே கரிசலில் சம்சாரிகள் மாட்டு வண்டி ஓட்டினார்கள். வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்த வண்டி மையை அச்சுக்குத் தாங்களே போட்டார்கள். மாட்டைப் பூட்டுவதற்கு முன் கடையாணியைத் தொட்டுப் பார்த்தார்கள். அதனால் எந்தச் சம்சாரிக்கும் மானம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்காக, வீட்டில் செய்வதென்றால் சுத்தியலை எடுத்துக்கொண்டு வீரம் காட்டுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்சிக்கும் நான் விரோதி. கரிசல் மண்ணில் ஜாக்கி வைத்தால் புதையும், சாயும். கல் தளம் வேண்டும், அல்லது கனத்த பலகை வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுப்பது தற்கொலை. ஸ்டாண்டு முட்டுக்கொடுத்தாக வேண்டும். ஸ்பிரிங்கின் விசை பாய்ந்து அடிக்காமலிருக்க லோயர் ஆர்மை அடியில் தாங்கிக்கொண்டே நட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினாலும், மூட்டு விடுபடும் வரை சில மரைகள் பிடியிலேயே இருக்கட்டும். மாட்டும்போது பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடக் கூடாது; துவாரம் நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக் கூடாது. அழுத்தி இறக்கிய ஜாயின்ட்டாக இருந்தால் அதைப் பிரஸ் உள்ள பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் புத்தி. எல்லாம் முடிந்த பிறகு சக்கரக் கோணம் பார்க்க அலைன்மென்ட் கடைக்குப் போகத்தான் வேண்டும்.

இவ்வளவும் முடியாதென்றால் செய்ய வேண்டாம். தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவரை ‘டேய்’ என்று கூப்பிடாமல் பக்கத்தில் நின்று, கழற்றிய மூட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆட்டம் இருக்கிறதா என்று சோதிப்பதற்குப் பட்டமும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம். மூட்டின்மேல் பாரம் விழாதபடி சக்கரத்தைச் சற்றே தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கைக்கே தெரியும். டயருக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

‘என் வண்டி, என் உயிர், உனக்கென்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. ரோடு அவர்களுக்கு மட்டும் போட்டதா? விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குத் தூக்குச்சட்டியோடு ஓரமாக நடந்து போகிற பெண்களை இந்தப் பக்கத்து ரோடுகளில் யாரும் பார்க்கலாம். சக்கரம் மடங்கிய வண்டி முதலில் பாய்வது அந்த ஓரத்துக்குத்தான். அவர்களுக்கு வண்டியும் இல்லை, அதன் சுகமும் இல்லை. நம் அலட்சியத்தில் மட்டும் பங்கு உண்டு. கையில் ஒட்டிய கிரீஸ் கொஞ்சம் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டால் போய்விடும். மற்றது போகாது.