லோடர் பக்கெட்டில் கொக்கி: எடையை முடிவு செய்த பின்னரே வெல்டிங்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் விவசாய வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்தே இப்பகுதி இளைஞர்கள் தொழிற்சாலைகளை நாடிச் செல்கின்றனர். மீதமிருக்கும் நிலங்களில் நெல், கீரை, காய்கறி பயிரிடும் சிறு விவசாயிக்குச் சிறு டிராக்டர் நல்ல துணையாக அமைந்துள்ளது. அதன் முன்புறம் லோடர் பூட்டினால் எரு அள்ளலாம், மண் தள்ளலாம். அத்துடன் மோட்டார், ஆயில் என்ஜின், குழாய்க் கட்டு, உர மூட்டைகள் ஆகியவற்றைத் தூக்கவும் விவசாயி அதையே நாடுகிறார். அதற்காகப் பக்கெட்டின் மேல் விளிம்பில் கொக்கி வெல்டிங் செய்து கொள்ள விரும்புகிறார்.

“பக்கெட் மண் அள்ளுவதற்கு, தூக்குவதற்கு அல்ல” என்று சொல்லி இதைத் தடுப்போர் உண்டு. அந்த எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் தடை சொல்வதால் மட்டும் தூக்குவது நின்றுவிடாது. கொக்கி இல்லாத இடத்தில் பக்கெட் விளிம்பில் கயிறு கட்டுவார்கள். பல்லில் சங்கிலியைச் சுற்றுவார்கள். கூரான விளிம்பு கயிற்றை அறுக்கும். பக்கெட் சாயும்போது சங்கிலி நழுவும். ஆகவே முறையாகப் பொருத்திய கொக்கி, கொக்கியே இல்லாததைவிடப் பாதுகாப்பானது. ஆனால் கொக்கி மாட்டியதும் பக்கெட் கிரேன் ஆகிவிடும். டிராக்டரோ அதே டிராக்டராகவே இருக்கும். எனவே எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்து, கொக்கியைக் கடைசியாகப் பொருத்துவதே சரியான வரிசை.

பின் சக்கரம் ஏன் எழும்புகிறது?

பின்னால் பூட்டிய கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது டிராக்டரின் பின் சக்கரத்தின் மீது பாரம் கூடுகிறது. முன்னால் தூக்கும் சுமையோ அந்தப் பாரத்தைப் பறித்துக் கொள்கிறது. ஒரு சிறு டிராக்டரின் முன், பின் அச்சுகளுக்கு இடையே ஒன்றரை மீட்டர் தூரம் என்று கொள்வோம். முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் 250 கிலோ சுமை தொங்கினால், பின் அச்சில் 200 கிலோ பாரம் குறைந்துவிடும். முன் அச்சில் 450 கிலோ கூடிவிடும். வண்டியின் பிரேக் பின் சக்கரங்களிலேயே உள்ளது. அவற்றில் பாரம் குறைந்தால் பிரேக் பிடிப்பும் குறையும். வரப்போரச் சரிவில் இதுவே வண்டி கவிழக் காரணமாகலாம்.

இதற்குப் பரிகாரம் எதிர்ப்பாரம். 200 லிட்டர் டிரம்மில் பாதியளவு கான்கிரீட் நிரப்பினால் அது சுமார் 240 கிலோ இருக்கும். மூன்று புள்ளி இணைப்பில் அதைப் பூட்டி, பின் அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், பின் அச்சில் 360 கிலோ பாரம் ஏறும். முன் அச்சிலிருந்து 120 கிலோ இறங்கும். எதிர்ப்பாரம் பூட்டாத நாளில் கொக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்பதை விவசாயி தமக்குத் தாமே விதியாக வகுத்துக் கொள்ளல் நலம்.

லோடரின் கைப்புத்தகத்தில் குறித்துள்ள தூக்குதிறன் பெரும்பாலும் கைகளின் நுனியிலுள்ள பின்களில் அளந்தது. பக்கெட்டின் சொந்த எடையையும், கொக்கி மேலும் முன்னால் தள்ளி இருப்பதையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். உயரம் கூடக் கூடப் பல லோடர்களில் திறன் குறையும். இவ்வாறு கழித்து வந்த எடையைப் பெயின்டால் பக்கெட்டின் மீது எழுதி வைக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் எப்போதும் உரிமையாளராகவே இருப்பதில்லை.

கொக்கியும் அதன் இடமும்

பக்கெட்டின் மேல் விளிம்புத் தகடு மெல்லியது. அதன் நடுவில் நேரடியாகக் கொக்கியை ஒட்டினால் தகடு வளையும் அல்லது கிழியும். கொக்கிக்கு அடியில் 10 மி.மீ. கனமுள்ள அகலமான தகட்டை வைத்து, அந்தத் தகட்டைப் பக்கெட்டுடன் இணைக்க வேண்டும். லோடரின் இரு கைகளுக்கு நேர் மேலே அல்லது பக்கச் சுவர்களை ஒட்டி இரண்டு கொக்கிகள் இருப்பது நன்று. மண் வெட்டும் கீழ் விளிம்பில் கொக்கி வைக்கவே கூடாது.

கொக்கியின் வாய் ஓட்டுநர் பக்கம் பார்க்க வேண்டும். பக்கெட்டை முன்னால் கவிழ்க்கும்போது அந்த வாய் மேல்நோக்கித் திரும்பும். சங்கிலி உள்ளே நிற்கும். வாய் முன்பக்கம் பார்த்தால், கவிழ்த்தவுடன் அது தரையைப் பார்க்கும், சுமை விழும்.

கட்டுமான முறுக்குக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்வது பட்டறைகளில் சாதாரணமாகிவிட்டது. இது ஆபத்தானது. பழைய லாரிக் கொக்கியும் ஆகாது. கடினப்படுத்திய எஃகு வெல்டிங் சூட்டில் பலத்தை இழக்கும். வெல்டிங்குக்கென்றே செய்த, தாங்கும் எடை பொறித்த கொக்கியையே வாங்க வேண்டும். தூக்குவதற்கான சங்கிலி 80 தரத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வளையங்களில் அந்த எண் பொறித்திருக்கும். லாரிச் சரக்கைக் கட்டும் 70 தரச் சங்கிலி தூக்குவதற்கு உரியதல்ல.

சங்கிலியின் நீளமும் கவனிக்கத்தக்கது. ஒரு மீட்டர் இடைவெளியுள்ள இரு கொக்கிகளிலிருந்து வரும் சங்கிலிகள் சுமார் 90 செ.மீ. கீழே சேர்ந்தால், ஒவ்வொன்றும் சுமையில் ஏறக்குறைய 58 சதவீதத்தைத் தாங்கும். 30 செ.மீ. கீழேயே சேர்ந்தால், ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க நேரிடும். குட்டைச் சங்கிலி கொக்கியை உள்பக்கமாக இழுத்துத் தகட்டையும் வளைக்கும்.

பட்டறை அருகிலேயே இருக்கிறது

இந்த வட்டார விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அத்தகைய கன உலோக வேலை நடக்கும் பகுதி இது. அம்பத்தூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளிலும் தேர்ந்த வெல்டர்களைக் காணலாம். சாலையோரம் கேட் செய்யும் கடையில் இவ்வேலையை முடித்துக் கொள்வது வீண் சிக்கனம்.

வெல்டரிடம் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். உலர்த்திய 7018 ராடைப் பயன்படுத்துவாரா? பெயின்டையும் துருவையும் பளபளக்கத் தேய்த்து எடுப்பாரா? வெல்டிங் ஆறிய பின் சாயம் பூசி விரிசல் சோதனை செய்வாரா? வேலை தொடங்குமுன் டிராக்டரின் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எர்த் கிளிப்பைப் பக்கெட்டிலேயே, வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகில் மாட்ட வேண்டும். மின்சாரம் ஹைட்ராலிக் சிலிண்டர் வழியாகவோ பின்கள் வழியாகவோ பாய்ந்தால் அவை கெடும். பக்கெட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே மேல். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால், விற்பனையாளரின் சம்மதத்தை எழுத்து மூலம் பெற்றுக் கொள்ள வேண்டும்.

செய்யக் கூடாதவை

கொக்கி தூக்குவதற்கு மட்டுமே. மரத்தின் வேரைப் பிடுங்கவோ, சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆழ்துளைக் கிணற்றில் சிக்கிய மோட்டாரை லோடரால் இழுப்பது அதனினும் ஆபத்து. சிக்கிய பொருளுக்கு எடைக் கணக்கு இல்லை. அது திடீரென விடுபட்டாலோ, சங்கிலி அறுந்தாலோ, குழாயைப் பிடித்திருப்பவர் உயிருக்கே கேடு. அந்த வேலையைக் கப்பியும் முக்காலியும் உள்ளவர்களிடம் விட வேண்டும்.

தொங்கும் சுமைக்கு அடியில் எவரும் நிற்கக் கூடாது. சுமையை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக் கொண்டு வண்டியை நகர்த்தக் கூடாது. ஆடும் சுமையைக் கையால் பிடிக்காமல், நீண்ட கயிற்றால் நிறுத்த வேண்டும். வயல்களின் மேல் தாழ்ந்து செல்லும் மின்கம்பிகளை நிமிர்ந்து பார்த்த பின்னரே லோடரின் கைகளை உயர்த்த வேண்டும். கொக்கியில் மனிதரைத் தூக்குவது எந்த நிலையிலும் கூடாது.

சிறு விவசாயிகளுக்கு லோடர் விற்பவர்களுக்கும் இதில் கடமை உண்டு. தாங்கும் எடை குறித்த, சோதித்த கொக்கியும், அதற்கேற்ற எதிர்ப்பாரமும் லோடருடன் சேர்ந்தே வர வேண்டும். வாங்குபவர்கள் கேட்டால்தான் விற்பவர்கள் தருவார்கள். அடுத்து லோடர் வாங்கும் விவசாயிகள் விலையைப் பேசும்போதே இதையும் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே கொக்கி போட்டவர்கள், அடுத்த சுமையைத் தூக்குமுன் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா, துருக்கோடு தெரிகிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். தெரிந்தால் அந்தக் கொக்கியை அன்றே அறுத்து எறிந்துவிட வேண்டும்.