வெள்ளையடித்த கல்லறைகள்



நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றினோம். வெளிவேடக்காரப் பரிசேயர்களை வெள்ளையடித்த கல்லறைக்கு ஒப்பிட்டு இயேசு சாடியது (மத்தேயு 23) அப்போது நினைவுக்கு வந்தது. கூடவே, திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து எழுப்பிய சுவரும்.

கழுத்தில் சிலுவை, கையில் ஜெபமாலை, ஞாயிறு தவறாத பூசை எல்லாம் சரி. செத்தவரிடமும் சாதி பார்த்தால் அத்தனையும் வெறும் சுண்ணாம்புப் பூச்சுதான். பங்குத்தந்தையரே, கல்லறைகளை மந்திரிக்கும் முன் உங்கள் ஊர்த் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். நடுவே இப்படியொரு சுவரோ வேலியோ இருந்தால், முதலில் அதை இடியுங்கள்.

- வாசகர், மதுரை