இடிப்பதற்கு முன் ஒரு கைப்பிடி மண்

1979ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முன் ஒரு கேள்வி வந்து நின்றது. விமானப்படைக் குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகளின் காற்றில் குளோர்டேன் எவ்வளவு வரை இருக்கலாம்? குளோர்டேன் அந்நாளில் அங்கே பெயர்பெற்ற கரையான் மருந்து. பல படைக் குடியிருப்புகளில் வீட்டைச் சூடாக்கும் காற்றுக்குழாய்கள் தரைக் கான்கிரீட்டுக்குள்ளும் அதன் அடியிலும் ஓடின. மருந்தை உள்ளே செலுத்தத் தரையைத் துளைத்தபோது சில இடங்களில் குழாயும் துளைபட்டது. மண்ணுக்குப் போக வேண்டிய மருந்து குழாய் வழியே படுக்கையறைக்கு வந்தது. கழகம் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம் என்று தற்காலிக வரம்பு வைத்தது. 1988இல் அமெரிக்கா கரையானுக்குக் குளோர்டேன் பயன்படுத்துவதை நிறுத்தியது.

காற்று மாறிவிட்டது. மண் மாறவில்லை.

ஹவாய்த் தீவுகளில் பழைய படைக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது இது தெரியவந்தது. சுவரை ஒட்டிய மண்ணிலும் தரைக்கு அடியிலிருந்த மண்ணிலும் குளோர்டேன், ஆல்ட்ரின், டீல்ட்ரின் ஆகிய பழைய கரையான் மருந்துகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இருந்தன. இவை தண்ணீரில் அநேகமாகக் கரையாதவை. மண்ணின் மக்கிலும் களியிலும் ஒட்டிக்கொண்டு, ஊற்றிய இடத்தை விட்டு அதிகம் நகராமல் கிடக்கும். மண் துறையில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய குணம் இதுதான். நஞ்சு மனை முழுவதும் பரவியிருப்பதில்லை. அஸ்திவாரத்தைச் சுற்றி ஒரு குறுகிய பட்டையாகவும், தளத்துக்குக் கீழே ஒரு படுகையாகவும் அடங்கிக் கிடக்கிறது. அதைக் கலைப்பது பெரும்பாலும் இடிக்க வரும் இயந்திரம்தான்.

புளியங்குடி, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கட்டட வேலையிலும் மண் சோதனையிலும் இருப்பவர்களுக்கு இது தொலைதூரக் கதை அன்று. செம்மண்ணும் கரையான் புற்றும் சேர்ந்தே இருக்கும் பூமி இது. இங்கே வானம் தோண்டினால் கரையான் மருந்து அடிப்பது எஸ்டிமேட்டில் ஒரு வரி. அதற்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 6313. இன்று அந்த விதி பைஃபென்த்ரின், இமிடாகுளோப்ரிட், குளோர்பைரிபாஸ் என்கிறது. அதன் பழைய பதிப்புகள் ஆல்ட்ரின் அல்லது ஹெப்டாகுளோர் 0.5 விழுக்காடு, குளோர்டேன் 1 விழுக்காடு என்றன. இந்தியாவில் இம்மூன்றும் தடைசெய்யப்பட்டது 1996இல். அதற்கு முன்பு விதிப்படி ஒழுங்காகக் கட்டிய அரசுக் குடியிருப்பு, பள்ளி, கிட்டங்கி எதுவானாலும் அதன் அடிமண்ணைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மருந்தே அடிக்காமல் மலிவாகக் கட்டிய வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. முறையாகக் கட்டப்பட்டது என்று பெயரெடுத்த கட்டடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி வீடு ஏறத்தாழ 93 சதுர மீட்டர். தளத்துக்குக் கீழுள்ள மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் ஊற்ற வேண்டும் என்பது விதி. ஆக 465 லிட்டர். 0.5 விழுக்காடு ஆல்ட்ரின் என்றால் அதில் மருந்து மட்டும் 2.3 கிலோ. அஸ்திவாரப் பக்கச் சுவர்களுக்கு ஊற்றுவது தனி. மேல் ஓரடி மண்ணை ஏறக்குறைய 42 டன் என்று கொண்டால், ஒரு கிலோ மண்ணுக்கு 55 மில்லிகிராம் வருகிறது. ஆல்ட்ரின் மண்ணில் டீல்ட்ரினாக மாறும். டீல்ட்ரின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 1975இல் ஊற்றியதில் 2025இல் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் மிஞ்சும். குடியிருப்பு மண்ணை மேற்கொண்டு ஆராய வேண்டுமா என்று முடிவு செய்ய அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருக்கும் அளவு 0.034. வெயிலும் மழையும் படும் வெளிமண்ணில் நம் வெப்பத்துக்கு மருந்து இன்னும் வேகமாகக் குறையும். சிமெண்ட் தளத்துக்கு அடியில், வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில், அப்படி எதிர்பார்க்க முடியாது. இது வெறும் ஏட்டுக் கணக்கு. மண்ணில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வகம்தான் சொல்லும்.

இவ்வளவு சிறிய அளவால் யாருக்கு என்ன கேடு என்ற கேள்வி நியாயமானது. முற்றத்தில் விளையாடி, மண் ஒட்டிய கையை வாயில் வைக்கும் குழந்தைதான் முதலில் பாதிக்கப்படும். மண்ணைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியின் கொழுப்பிலும் முட்டையிலும் இந்த மருந்துகள் சேரும். மூன்றாவது வழி பலரும் அறியாதது. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியபடி, பூசணி வகையைச் சேர்ந்த சில கொடிகள் மற்றப் பயிர்கள் தொடாத குளோர்டேனையும் டிடிடி எச்சத்தையும் வேர்வழி இழுத்துத் தண்டிலும் காயிலும் சேர்க்கின்றன. நம் ஊரில் வீட்டுச் சுவர் ஓரமாகக் குழியெடுத்து ஓட்டின்மேல் ஏற்றிவிடுவதும் அதே குடும்பத்துச் சுரையையும் பூசணியையும்தான்.

இடத்தின் பழைய கதையைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வட கரோலினாவின் லெஜூன் மரைன் படை முகாம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஒரு கட்டடம் 1945 முதல் 1958 வரை பூச்சிமருந்து சேமித்துக் கலந்து கொடுக்கும் இடமாக இருந்தது. பிறகு அதே கட்டடம் குழந்தைகள் காப்பகமாக மாறியது. பிற்காலத்தில் அந்த இடத்து மண்ணைச் சோதித்தபோது டிடிடி உள்ளிட்ட மருந்துகள் தென்பட்டன, மண்ணை அகற்ற வேண்டி வந்தது. கட்டடத்தைக் கைமாற்றியவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்கத் தேவையில்லை. முன்பு இங்கே என்ன நடந்தது என்று எழுதிவைத்த ஒரு தாள் கையோடு கைமாறியிருந்தால் போதும்.

நம் நாட்டில் போபால் இருக்கிறது. யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, விஷவாயுக் கசிவு நடந்து நாற்பது ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு எரிக்கப்பட்டது. அது பெரிய செய்தியானது. ஆனால் அந்த வளாகத்தில் மாசுபட்ட மண் சுமார் 11 லட்சம் டன் இருக்கும் என்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் 2010இலேயே மதிப்பிட்டிருந்தன. மூட்டையில் கட்டிய கழிவை லாரியில் ஏற்றிவிடலாம். மண்ணோடு மண்ணாகக் கலந்ததை அப்படி ஏற்ற முடியாது.

வீட்டு மனையிலும் இதே விதிதான், அளவுதான் வேறு. பட்டையாகக் கிடக்கும்போது ஒரு வீட்டுக்குச் சில டன் மண்ணை எடுத்தால் வேலை முடியும். ஜேசிபி வந்து சுவரை இடித்து, ஜல்லியையும் அடிமண்ணையும் மனை முழுக்க நிரவி, மிஞ்சியதைப் பக்கத்து மனையின் பள்ளத்துக்கும் தென்னந்தோப்புக்கும் அனுப்பிவிட்டால், சில டன் பல நூறு டன்னாகும். யாருடைய மண் எங்கே போனது என்பதும் பிறகு தெரியாது. இந்த வட்டாரத்தில் இடிபாட்டு மண்ணுக்கு எப்போதும் கிராக்கி உண்டு என்பதை மேஸ்திரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாதிரி எடுப்பது கடினமான வேலை அன்று. ஆனால் எடுக்கும் இடம் சரியாக இருக்க வேண்டும். வயல் மண்ணுக்கு ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, கால் பங்கீடு செய்து அரைக் கிலோ அனுப்புவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். ஹவாய் சுகாதாரத் துறை மனைக்குச் சொல்லும் முறையும் அதன் உறவுதான். சுவரை ஒட்டிய பட்டையை ஒரு தனி அலகாகவும், முற்றத்தை இன்னோர் அலகாகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் முப்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகளில் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்க்க வேண்டும். முற்றத்து மண்ணையும் சுவரோர மண்ணையும் ஒரே பையில் போட்டால் முடிவு பொய்யாகத் தணிந்துவரும். வழக்கமான மண் பரிசோதனை நிலையம் தழை, மணி, சாம்பல் சத்தையும் உவர், களர் தன்மையையும் பார்த்துக் கொடுக்கும். பூச்சிமருந்து எச்சத்துக்கு வாயு நிறப்பிரிகைக் கருவி உள்ள ஆய்வகம் வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம் போன்றவற்றில் அது உண்டு. எலுமிச்சைத் தோப்பு மனையாகும் இடத்தில் தாமிரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சொறிநோய்க்கு ஆண்டுக்கணக்கில் அடித்த தாமிர மருந்து உலோகம் என்பதால் சிதையவே சிதையாது.

நஞ்சு இருப்பது உறுதியானால் என்ன செய்வது? தோண்டி எடுத்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாக்கப்பட்ட அபாயக் கழிவுக் கிடங்கில் சேர்ப்பது நிச்சயமான வழி, செலவும் கூடுதல். அளவு குறைவாக இருந்தால் அதே மனையில் ஆழத்தில் இட்டு, மேலே அடையாளத் துணி விரித்து, நல்ல மண் நிரப்பி, பத்திரத்தில் குறித்துவைக்கலாம். குறித்துவைக்காவிட்டால் அடுத்த தலைமுறை அதே இடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டும்.

நுண்ணுயிர் வழியும் இருக்கிறது, அதில் இந்திய ஆய்வுக்குப் பழம்பெருமை உண்டு. கட்டக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதனும் உடனிருந்தவர்களும் 1970களில், தண்ணீர் கட்டிய நெல்வயலில் பிஎச்சி போன்ற மருந்துகள் காய்ந்த நிலத்தைவிட விரைவாகச் சிதைவதை விளக்கினார்கள். லிண்டேனைத் தின்னும் ஸ்பிங்கோபியம் இண்டிகம் என்ற பாக்டீரியா இந்திய மண்ணில் கிடைத்ததுதான். ஆனால் டீல்ட்ரினும் குளோர்டேனும் அவ்வளவு எளிதில் மசியாது. எல்லா நஞ்சுக்கும் ஒரே திரவம் என்று பாட்டில் விற்க வருபவரிடம், எந்த மருந்துக்கு, எத்தனை நாளில், முன்னும் பின்னும் எவ்வளவு என்ற ஆய்வறிக்கையைக் கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கான மேலாண்மை விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீட்டை முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவர் யாரென்று கண்டறிந்து செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். நெடுங்காலமாக வராமலிருந்த சட்டம், வரவேற்க வேண்டியதும்கூட. ஆனால் இதன் கண் ஆலைகள்மீதும் கழிவுக் குவியல்கள்மீதும் இருக்கிறது. ஒரு பழைய குடியிருப்பின் சுவரோரத்து இரண்டடி மண்ணைப் புளியங்குடி நகராட்சியின் பட்டியலில் ஏற்ற வேண்டுமானால், அதை முதலில் பார்க்கும் பொறியாளர் வாய்திறக்க வேண்டும்.

எனவே இத்துறையினருக்கு இவ்விதழின் வேண்டுகோள் இது. 1996க்கு முன் கட்டிய பொதுக் கட்டடம், குடியிருப்பு, உர–பூச்சிமருந்துக் கிட்டங்கி எதையும் இடிக்க ஒப்பந்தம் எழுதும்போது, இடிப்புக்கு முன்பே மண் மாதிரி என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி சேருங்கள். முடிவு வரும்வரை அடிமண் மனையை விட்டு வெளியே போகக் கூடாது என்று இன்னொரு வரி எழுதுங்கள். இன்று குளோர்பைரிபாஸ் ஊற்றுகிறவர்கள் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் கட்டட வரைபடத்தோடு சேர்த்துவையுங்கள். ஏனென்றால், எளிதில் சிதையாத நஞ்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நாடுகள் 2025இல், சில விலக்குகளோடு, குளோர்பைரிபாஸையும் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டன. சோதனை செய்தவர்கள் முடிவுகளை இவ்விதழுக்கு அனுப்புங்கள். மனையின் அடையாளமும் உரிமையாளர் பெயரும் இல்லாமல் எண்கள் மட்டும் அச்சாகும்.