பிரெட் துரையின் மாளிகையும் ஒரு காதல் கதையும்



நம் குடும்பக் குழுவில் நேற்று ஒரு வீடியோ வந்தது. ஓசூரில் கலெக்டர் பிரெட் கட்டிய கெனில்வொர்த் மாளிகையைப் பற்றியது. மனம் கவர்ந்த பெண்ணுக்காகக் கட்டினாராம். பின்னணியில் வயலின் வேறு! ஆனால் அன்றைக்கு ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது என்ற ஒரு வரிகூட இல்லை.

திப்பு 1799இல் வீழ்ந்த பிறகுதான் ஓசூர் கம்பெனி வசமானது. கலெக்டர் என்றால் வரி வசூலிப்பவர் என்றே பொருள். அப்படிப்பட்டவர் இங்கிலாந்துக் கோட்டையின் சாயலில் மாளிகை எழுப்பினால், பணம் எங்கிருந்து வந்தது, செங்கல் சுமந்தது யார் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? காதல் கதை அந்தக் கேள்விகளின் மேல் போர்வை போர்த்திவிடுகிறது.

வீடியோவுக்குக் கீழே நம் பிள்ளை ஒருவரே, "வெள்ளைக்காரன் கட்டினது, இடிஞ்சா இடியட்டும் சார்" என்று எழுதியிருக்கிறார். தம்பி, மதுரையில் திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலைச் சொக்கநாதர் பிய்த்தெடுத்தார். மிஞ்சியதைப் பழுது பார்க்க வைத்தவர் ஆங்கிலேய கவர்னர் நேப்பியர். கட்டியவன் யார் என்று பார்த்தா சுவரைக் காப்பார்கள்?

இங்கிலாந்தின் அசல் கெனில்வொர்த்தும் இடிபாடுதான். உள்நாட்டுப் போர் முடிந்து 1649இல் வேண்டுமென்றே உடைத்தார்கள். இன்று அந்த இடிந்த சுவரைப் பார்க்க டிக்கெட்! இத்தாலியில் உர்பினோ என்ற மலையூர். அங்கே அரண்மனை எழுப்பிய ஃபெடரிகோ, கூலிக்குப் படை நடத்தியவர். ஊரார் சண்டையில் வந்த காசு. அதை யாரும் ஒளிக்கவில்லை. 1912 முதல் அந்த அரண்மனையில்தான் ஓவியக் காட்சியகம் நடக்கிறது.

இங்கேயோ, சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து இருபது வருடம் வாழ்ந்தவருக்கும் இப்படி ஒன்று இருந்தது தெரியாது. (தொரப்பள்ளியில் ராஜாஜி வீட்டைக் காட்டுவார்கள், அந்த மட்டில் சந்தோஷம்.)

மாநகராட்சியிலும் தாலுகா ஆபீசிலும் இருக்கிற என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அந்த இடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரு பலகை வையுங்கள். கலெக்டர் பெயரோடு கொத்தனாரும் சித்தாளும் அதில் இருக்கட்டும். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், பிழையில்லாமல்.