அந்த ஓராண்டு நம் பிள்ளைகளுடையது

பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து லாஸ்பேட்டையைப் பார்க்க வேண்டும். மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக், மகளிர் பாலிடெக்னிக், தாகூர் கலை அறிவியல் கல்லூரி, காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு நிறுவனம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி என்று ஒரே வட்டாரத்தில் இத்தனை வாசல்கள். பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை, வில்லியனூர்ப் பக்கத்துக் காலனிகளிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி வந்த பெற்றோர், பிளாஸ்டிக் உறைக்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று என்று அடுக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு சான்றும் குறையாது. ஒரே ஒரு தகவல் மட்டும் அந்த உறைக்குள் இருக்காது. பிள்ளை பள்ளியிலேயே படித்த தொழில்நுட்பப் பாடம் கல்லூரியில் ஓர் ஆண்டை மிச்சப்படுத்தித் தரும் என்ற தகவல்தான் அது.

ஓர் ஆண்டு என்றால் சிலருக்குச் சின்ன விஷயம். நமக்கு அப்படி அல்ல. 2025-26ல் புதுச்சேரியில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால்கூட ஒருவர் உழைப்புக்கு ஆண்டு முழுவதற்கும் 33,600 ரூபாய். அந்த வீட்டுப் பிள்ளை ஓர் ஆண்டு முன்னதாகப் படிப்பை முடித்து வேலைக்குப் போவதும், ஓர் ஆண்டு கூடுதலாகப் பஸ் காசும் கைச்செலவும் கேட்டு நிற்பதும் ஒன்றல்ல. பல பிள்ளைகள் படிப்பை விடுவது கடைசி ஆண்டில் அல்ல, முதலாம் ஆண்டில்தான். அந்த முதலாம் ஆண்டையே தாண்டிப் போக ஒரு வழி இருக்கிறது என்றால் அதை யார் சொல்ல வேண்டும்?

வழி என்னவென்று பார்ப்போம். பாலிடெக்னிக் டிப்ளமோ பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று ஆண்டுப் படிப்பு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை அறிவியல் பிரிவிலோ தொழிற்பிரிவிலோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம் என்று அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி சொல்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் பொருத்தமான பிரிவில் இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர்களுக்கும் இது பொருந்தும். மேட்டுப்பாளையம் ஐடிஐயில் படிக்கும் பையனுக்கு லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டு அப்படி ஒன்றும் தூரமில்லை. டிப்ளமோ முடித்த பிறகு பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதற்கென்று அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் பத்து சதவீதம் கூடுதல் இடமும், போதாக்குறைக்கு முதலாம் ஆண்டில் நிரம்பாத காலியிடங்களும் உண்டு. டிப்ளமோவில் 45 சதவீத மதிப்பெண் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. புதுச்சேரியில் இந்தச் சேர்க்கை சென்டாக் வழியாகவே நடக்கிறது. இதைத்தான் நாம் ‘லேட்டரல் என்ட்ரி’ என்று கேள்விப்படுகிறோம். பக்கவாட்டு நுழைவு என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, ஏதோ பின்வாசல் என்று நினைத்துக் கூச்சப்படும் பெற்றோரும் இருக்கிறார்கள். பின்வாசல் இல்லை. படித்த படிப்புக்குக் கிடைக்கும் கணக்கு.

இப்போது இந்தக் கணக்கைக் கிரெடிட் என்ற பெயரில் நாடு முழுக்கப் பேசுகிறார்கள். 2023 ஏப்ரலில் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, ஒரு மாணவர் ஓர் ஆண்டில் 1,200 மணி நேரம் படித்தால் 40 கிரெடிட் என்று வைத்திருக்கிறது. அதாவது முப்பது மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். பள்ளிப் பாடம், தொழிற்பயிற்சி, பட்டறையில் செய்த வேலை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் அளக்கலாம் என்பது அதன் அடிப்படை. 2021ல் தொடங்கிய கிரெடிட் வங்கியில் அவை மாணவரின் பெயரில் சேரும். பணம் போட்டு எடுக்கும் வங்கி போலவே மதிப்பெண்ணைப் போட்டு எடுக்கலாம் என்கிறார்கள்.

போடுவது சரி. எடுக்கத் தருகிறார்களா என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டமைப்பில் பன்னிரண்டாம் வகுப்பு நான்காம் நிலை, பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டு நான்கரை. கீழ் நிலையில் சேர்த்த கிரெடிட் மேல் நிலைப் பாடத்தைத் தானாகக் கழித்துவிடாது. பள்ளியில் படித்த பாடம் தங்கள் பாடத்துக்குச் சமம் என்று கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஏற்றுக்கொண்டால்தான் கழியும். டிப்ளமோவுக்கு மட்டும் ஏன் கழிகிறது? டிப்ளமோ பத்தாம் வகுப்புக்குப் பிறகு தொடங்குவது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பும் அதே உயரத்தில் இருப்பவை. எனவே இன்றைய நிலையில் நம் பிள்ளைகளுக்குக் கையில் கிடைக்கும் உறுதியான கணக்கு பாலிடெக்னிக் வழிதான். மற்றதெல்லாம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது. இதை மறைத்துவிட்டுக் கிரெடிட் வந்துவிட்டது என்று மேடையில் முழங்குவதில் பயனில்லை.

தொழிற்பிரிவு என்றாலே நம் மக்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைக் கடந்து போக முடியாது. 1953ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. மலம் அள்ளியவர் வீட்டுப் பிள்ளை எந்தத் தொழிலைக் கற்கும் என்று கேட்க அன்று ஆட்கள் இருந்தார்கள். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954ல் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் போனது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தாலும் அந்தச் சொல் நம் காதில் இன்றும் ஒலிக்கிறது. 2023ல் ஒன்றிய அரசு 18 பாரம்பரியத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டில் அதே சொல் மீண்டும் எழுந்தது.

ஆகவே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்வோம். அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுவது ஒன்று. அப்பனுக்கு மறுக்கப்பட்ட தொழிலைப் பிள்ளை கையில் கொடுப்பது வேறொன்று. அம்பேத்கர் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தார். 1942ல் வைஸ்ராய்க்கு அவர் அளித்த மனுவில் பட்டியலின மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உதவித்தொகை கேட்டார். அத்தோடு நிற்காமல் அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். அன்றைய ரயில்வே பட்டறை என்பது இன்றைய எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகம். அங்கே போவதற்குத்தான் அவர் வழி கேட்டார், பறையும் துடைப்பமும் இருந்த இடத்துக்குத் திரும்புவதற்கு அல்ல. 1944ல் தொடங்கிய மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை அந்த முயற்சிகளின் தொடர்ச்சி. பதினொன்றாம் வகுப்பு முதல் ஐடிஐ, பாலிடெக்னிக், பட்டப்படிப்பு வரை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் இன்றும் அது கிடைக்கும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. 1881ல் டஸ்கீகியில் பள்ளி தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன் கைத்தொழில் கற்போம், காலூன்றுவோம் என்றார். தொழிற்கல்வியோடு நிறுத்தினால் நம்மை வேலையாட்களாகவே வைத்திருப்பார்கள், உயர்கல்வி வேண்டும் என்று டு பாய்ஸ் எதிர்வாதம் செய்தார். இன்று அங்கே பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளியில் தொழில்நுட்பப் பாடம் படிக்கும் மாணவர், அருகில் உள்ள சமுதாயக் கல்லூரியின் கிரெடிட்டையும் சேர்த்தே பெற முடிகிறது. எந்தப் பள்ளிப் பாடம் எந்தக் கல்லூரிப் பாடத்துக்குச் சமம் என்று பள்ளியும் கல்லூரியும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. தொழிற்பாடம் முட்டுச்சந்தாக முடியாமல் சாலையாகத் தொடர அந்த ஒப்பந்தம்தான் காரணம். நம்மிடம் இல்லாததும் அதுதான்.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி இப்போது ஏன் அவசரம்? நம் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. பழைய திட்டத்தில் தொழிற்பிரிவு என்று தனியாக ஒரு குரூப் இருந்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளையை, அதிலும் காலனியிலிருந்து வந்த பிள்ளையை, கேட்காமலேயே அங்கே தள்ளிவிடும் பழக்கமும் இருந்தது. சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே திறன் பாடம் என்ற பெயரில் தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு முதல் ஆட்டோமொபைல், விவசாயம், அழகுக்கலை, சில்லறை வணிகம் வரை நீண்ட பட்டியல் இருக்கிறது. பட்டியலில் எதை எந்தப் பள்ளி எடுக்கிறது என்பதில்தான் பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. ஆய்வகமும் ஆசிரியரும் இல்லை என்று சொல்லி, செலவில்லாத பாடத்தைக் கிராமத்துப் பள்ளிக்கும் செலவுள்ள பாடத்தை நகரத்துப் பள்ளிக்கும் ஒதுக்கினால் அது புதிய பெயரில் பழைய குலக்கல்விதான்.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் ஒன்றில் தோற்றுப்போனால், ஆறாவதாக எடுத்த திறன் பாடத்தில் தேறியிருந்தால் அதை அந்தத் தோல்விக்குப் பதிலாக வைத்துத் தேர்ச்சி தருகிறது சிபிஎஸ்இ. பார்க்க நல்ல ஏற்பாடு. ஆனால் கணிதத்தை அப்படி மாற்றிவிட்டு வெளியே வரும் பிள்ளை, கணிதம் கேட்கும் ஒவ்வொரு படிப்பின் வாசலிலும் நிற்க நேரிடும். ஆசிரியர் ‘இதை எடுத்துக்கோ, ஈசியா பாஸ் ஆயிடலாம்’ என்று சொன்னால், பாஸ் ஆன பிறகு எங்கே போகலாம் சார் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. திறன் பாடத்தை எடுங்கள், கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடாமல் எடுங்கள். 2021லேயே பொறியியல் சேர்க்கைக்கான பாடங்களின் பட்டியலைத் தொழில்நுட்பக் கல்விக் குழு விரித்து, அதில் தொழில்நுட்பத் தொழிற்பாடத்தையும் சேர்த்தது. எந்தப் படிப்புக்கு எதை ஏற்பது என்பதை அந்தந்த மாநிலச் சேர்க்கை விதிதான் முடிவு செய்யும். எனவே பதினொன்றாம் வகுப்பில் பாடம் எடுப்பதற்கு முன்பே சென்டாக் தகவல் கையேட்டைப் படித்துவிடுவது நல்லது, பன்னிரண்டு முடித்த பிறகு படிப்பதைக் காட்டிலும்.

பட்டப்படிப்பு விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி. பி.வோக். என்ற தொழிற்பட்டப் படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014ல் கொண்டுவந்தது. ஓர் ஆண்டில் நின்றால் டிப்ளமோ, இரண்டில் மேம்பட்ட டிப்ளமோ, மூன்றில் பட்டம். வீட்டுச் சூழலால் இடையில் நிற்க வேண்டிவந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். லாஸ்பேட்டை சமுதாயக் கல்லூரியில் இத்தகைய படிப்புகள் உண்டு. ஐடிஐ முடித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதி பெறும் வழியும் உண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் போதும். தேசிய திறந்தநிலைப் பள்ளியிலும் ஐடிஐ பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்திலும் கடலூரிலும் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

புதுச்சேரி மக்கள்தொகையில் பட்டியலினத்தவர் 2011 கணக்குப்படி 15.7 சதவீதம். சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் ஐந்து தனித்தொகுதிகள். 1964ல்தான் இங்கே பட்டியல் சாதியினருக்கான ஆணை வந்தது. இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் ஏற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமக்கு வந்தவை எல்லாமே தாமதமாக வந்தவை. இதுவும் தாமதமாகக் கூடாது என்பதால் அரசிடம் சிலவற்றைக் கேட்கிறோம்.

பள்ளிக்கல்வித் துறையும் உயர்கல்வித் துறையும் உட்கார்ந்து, எந்தத் திறன் பாடம் லாஸ்பேட்டைக் கல்லூரிகளில் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று ஓர் அட்டவணை வெளியிட வேண்டும். ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்க வேண்டும். அதை ஆதிதிராவிடர் நலத்துறையின் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் ஒட்ட வேண்டும், வார்டன் அறையில் அல்ல, சாப்பாட்டுக் கூடத்தில். இரண்டு பாலிடெக்னிக்குகளின் பட்டறைகளை வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். லேத் இல்லாத பள்ளிக்கு லேத் வாங்கித்தர பல ஆண்டு ஆகும், பஸ் விட ஒரு வாரம் போதும். நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில் பட்டியலினத்தவருக்குரிய இடங்களில் எத்தனை நிரம்பின, எத்தனை காலியாகக் கிடந்தன என்ற கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். காலி இடங்கள் கிடந்தால், தகுதியான பிள்ளை கிடைக்கவில்லை என்று எழுதுவதற்கு முன், தகவல் எந்தக் காலனி வரை போனது என்று துறை பதில் சொல்லட்டும்.

அடுத்த சேர்க்கைக் காலம் தொடங்குவதற்குள் அந்த ஒரு பக்க அட்டவணை வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் இந்தப் பகுதியில் முழுவதுமாக வெளியிடுகிறோம். வராவிட்டால், எந்த மேசையில் நின்றது என்பதை எழுதுகிறோம்.