கரியாப் போன முகம் யார் குற்றம்?

கணக்கு தொடங்க வந்த ஆயா நீட்டிய போட்டோவில் வெள்ளைச் சுவர் இருந்தது, வெள்ளைப் புடவை இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மசி கொட்டினமாதிரி ஒரு கறை. "வேற போட்டோ கொண்டாரச் சொல்லுங்க" என்று மேலதிகாரி தள்ளிவிட்டார். ஆயா என்னிடம், "நான் அவ்ளோ கறுப்பாவா சாமி கீறேன்?" என்றது. சாமின்னு கூப்பிடாதே ஆயா, பேரன்னு கூப்பிடு என்றேன்.

ஆயா கறுப்புதான். நானும் கறுப்புதான். ஆனால் அந்தக் கறை ஆயாவின் நிறமல்ல, கணக்குப்பிழை. கேமராவுக்குள் இருக்கிற மீட்டருக்கு மனுசன், சுவர் என்ற பேதம் தெரியாது. எதிரே இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு அளவு சொல்லும். பின்னால் வெள்ளைச் சுவர் பளிச்சென்று நின்றால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கும். குறைகிற வெளிச்சம் யார் பங்கிலிருந்து போகிறது? முகத்தின் பங்கிலிருந்து. சுவரை விட்டு முகத்தை அளந்தால் தீர்ந்தது.

அதைச் செய்யாமல் ஸ்டுடியோக்காரர் "பவுடரைக் கொஞ்சம் அப்பிக்கோம்மா" என்பார். கறுப்பு என்ன சேரிக்கு மட்டும் எழுதிவைத்த நிறமா? ஊர்த்தெருவில் எங்களைவிடக் கறுப்பு உண்டு. ஆனாலும் அந்தக் குரலில் எங்களுக்கென்று தனியாக ஒரு தொனி இருக்கும்.

இது நம்மூர்க் கோளாறு மட்டுமல்ல. கோடாக் கம்பெனி 1950கள் தொட்டு பிரிண்ட் போடும் கடைகளுக்கு ஒரு அட்டை அனுப்பியது. அட்டையில் வெள்ளைக்காரப் பெண், பெயர் ஷெர்லி. அவள் முகம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. கறுப்பர் முகம் கரியாகப் போனது பழுதாகவே கணக்கில் வரவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரனும் மரச்சாமான் விற்கிறவனும் எங்கள் சரக்கின் பழுப்பு சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்தத் தொடங்கினார்கள் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதினார். நாற்காலிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்.

ஹார்லெமில் 1919இல் பிறந்த கறுப்பர் ராய் டிகரவா யாரிடமும் முறையிட்டுக் காத்திருக்கவில்லை. இருக்கிற வெளிச்சத்திலேயே எடுத்தார். கறுப்புக்குள் எத்தனை கறுப்பு உண்டென்று பிரிண்டில் காட்டினார்.

கறுப்புத் தோலுக்கு நேரே அடிக்கிற பிளாஷ் ஆகாது, நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டு விழும். பக்கவாட்டில் பரந்து வரும் வெளிச்சம் வேண்டும். அது கன்னமேட்டில் வழியும், சுருக்கத்தில் தங்கும். கறுப்பின் அழகே அந்த மினுக்கத்தில்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ஆயாவை சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். வானம் இடப்பக்கம் திறந்திருந்தது. என் செல்போனில், முகத்தின்மேல் விரல் வைத்து அளவை அங்கே நிறுத்தி எடுத்தேன். ஆயா வாங்கிப் பார்த்தது, ரொம்ப நேரம் பார்த்தது. "எங்கம்மா மாதிரி கீது" என்றது.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனால், "பின்னாடி மரம் தெரியுதே, வெள்ளையா இருக்கணுமே" என்றார் மேலதிகாரி. எங்கே சார் எழுதியிருக்கு என்று படிவத்தை அவர் முன்னால் விரித்தேன். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோந்து டப்பாவை எடுத்தார்.